நான்காம் நாள் கோட்டில் நின்ற நரம்பணுக்கள் பதினான்காம் நாள் ஏன் கோட்டைத் தாண்டுகின்றன?

பதிவு 1 – கன்னங்குறிச்சி

அனைவருக்கும் வணக்கம். எலிக் கருவின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியிலிருந்து பிரித்தெடுத்த நரம்பணுக்களை, கண்ணாடித் தகட்டில் நான் போட்டுக்கொடுக்கும் கோடுகளின் மீது மட்டும் வளர்ப்பதற்கு மூன்று ஆண்டுகளாக முயன்று வருகிறேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதுவதற்காக இப்போது சேலத்தில் வீட்டில் இருக்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், என் படங்களில் எனக்கே விளங்காத ஒன்று இருப்பது உறுத்துகிறது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் தகட்டின் மேல் எஸ்.யூ-8 என்ற, வெளிச்சம் பட்டால் இறுகும் போட்டோரெசிஸ்ட் பூச்சில் 8 மைக்ரான் ஆழமுள்ள பள்ளங்களாக வடிவத்தை உருவாக்குகிறோம். அதன் மேல் பி.டி.எம்.எஸ். என்னும் சிலிக்கோன் ரப்பரைப் பத்துக்கு ஒரு பங்கு கெட்டிப்படுத்தியுடன் கலந்து ஊற்றி, சூட்டில் வைத்து உரித்தெடுத்தால், கோடுகள் மேடாக நிற்கும் ஸ்டாம்ப் கிடைக்கிறது. அதன் மீது, செல்கள் ஒட்டிக்கொள்ளும் பாலி-டி-லைசின் கரைசலை ஊற்றிச் சிறிது நேரம் விட்டு, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, பிளாஸ்மாவில் சுத்தம் செய்த கண்ணாடியின் மேல் கவிழ்த்து, ஒரு சிறு எடையை அரை மணி நேரம் வைத்து அச்சிடுகிறேன். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகள் பொருத்திய ஒரு பாலிமரில் தகட்டை ஊறவைத்து, அச்சு விழாத இடங்களை எல்லாம் செல் ஒட்டாதபடி மூடிவிடுகிறேன். வடிவம் ஒரு சதுரக் கட்டம்: கோட்டின் அகலம் 4 மைக்ரான், கோடுகள் சந்திக்கும் இடத்தில் செல்லின் உடல் அமர்வதற்கு 20 மைக்ரான் விட்டமுள்ள வட்டம், ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே 200 மைக்ரான். மின் துடிப்பைப் பதிவு செய்யும் 60 மின்முனைத் தட்டில் முனைகள் 200 மைக்ரான் இடைவெளியில் இருப்பதால்தான் இந்த அளவு.

செல்களை விட்ட நான்காம் நாள் படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பதினான்காம் நாளிலோ இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. சதுரங்களின் நட்டநடுவே, எதுவுமே வளரக் கூடாத இடத்தில், மெல்லிய இழைகள் அலைகின்றன. வட்டங்களில் தனித்தனியே இருந்த செல்கள் ஐந்தும் பத்துமாகத் திரண்டு உருண்டைகளாகி, அவற்றுக்கிடையே தடித்த வடங்கள் கட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. இது ஒரே காரணத்தால் வருவதா, இரண்டு காரணங்களா?

பதிவு 2 – சேர்வராயன்

அம்மா, கல்லூரியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்திவிட்டு இப்போது ஏற்காட்டில் காப்பியையும் மிளகையும் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவன் நான். உங்கள் கேள்வி என்னைப் பழைய பாடங்களுக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

நரம்பு இழை என்பது ஒரு செல்லிலிருந்து வெளியே வளர்ந்து நீளும் பகுதியா, அல்லது பல செல்கள் சங்கிலியாகச் சேர்ந்து உண்டாவதா என்று ஒரு காலத்தில் பெரிய சச்சரவு இருந்தது. ஸ்பெயின் நாட்டு நரம்பு ஆய்வாளர் கஹால் 1890-ல் கோழிக் கருவில், வளரும் இழையின் நுனியில் வளர்கூம்பு என்னும் கூம்பு போன்ற ஓர் அமைப்பைக் கண்டு விவரித்தார் என்றாலும், அவர் பார்த்தது உறையவைத்துச் சாயமேற்றிய திசுவை. ராஸ் ஹாரிசன் 1907-ல் தவளைக் கருவின் நரம்புக் குழாயிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, நிணநீர்த் துளியில் வைத்து, அந்தத் துளியை மூடுகண்ணாடியின் அடியில் தொங்கவிட்டு, இழை தன் கண் முன்னே நீள்வதைக் காட்டினார். செல் வளர்ப்பு என்ற துறையே அந்தத் துளியில்தான் தொடங்குகிறது. அவரே 1914-ல் சிலந்தி நூலை இழுத்துக் கட்டி அதன் மீது கருச் செல்களை விட்டபோது, அவை நூலைப் பற்றிக்கொண்டு அதன் வழியே நீண்டன. நீங்கள் பாலிலைசினால் போடும் கோட்டுக்கு மூதாதை அந்தச் சிலந்தி நூல்தான்.

உங்கள் சதுரக் கட்டத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. லெட்டூர்னோ 1975-ல், உங்கள் பாலிலைசினைப் போல ஒட்டும் பாலிஆர்னிதின் பூசிய பரப்பின் மேல் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குரிய சல்லடை வலையை வைத்து, பல்லேடிய உலோகத்தை ஆவியாக்கிப் படியவிட்டார். வலைக் கம்பிகள் மறைத்த இடம் பாலிஆர்னிதினாகவே நின்றது. வலையின் துளைகள் வழியே உலோகம் படிந்தது. கோழிக் கருவின் நரம்பணுக்களின் வளர்கூம்புகள் உலோகச் சதுரங்களைத் தவிர்த்து, கம்பி நிழலின் வழியே போயின. இரண்டு பரப்புகளில் எது அதிகமாக ஒட்டுகிறதோ அதை வளர்கூம்பு தேர்ந்தெடுக்கிறது என்பது அவர் எடுத்த முடிவு.

இதை நான் ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், வளர்கூம்பு எப்போதும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. உங்கள் கோடு எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பதை நீங்கள் மூன்று ஆண்டுகள் பார்த்திருப்பீர்கள். கோடு இல்லாத இடம் எவ்வளவு ஒட்டாமல் இருக்கிறது என்பதைப் பார்த்தீர்களா? என் வீட்டு முன்னால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அதை உவமையாகச் சொல்ல வந்தேன். ஆனால் கொடி ஒருமுறை பற்றிய இடத்தை விடுவதில்லை. வளர்கூம்போ விரல் போன்ற நீட்சிகளை நாலா பக்கமும் நீட்டித் தொட்டுப் பார்த்து, பற்றி, இழுத்து, பிடிக்காவிட்டால் கைவிட்டுவிடுகிறது. ஆகவே அந்த உவமையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பதிவு 3 – செவ்வாய்பேட்டைக்காரர்

சகோதரி, எனக்கு நரம்பும் தெரியாது, எலியும் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக ஸ்கிரீன் பிரிண்டிங்கும் ரப்பர் ஸ்டாம்பும் செய்கிறேன். நீங்கள் எழுதிய செய்முறையைப் படித்தபோது, எங்கள் தொழிலைத்தான் யாரோ வேறு பெயர்களில் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கழன்று போகும் என்பதுதான் எங்கள் எமல்ஷனும்.

ரப்பர் ஸ்டாம்பில் ஒரு குறை அடிக்கடி வரும். எழுத்து நன்றாக விழுந்திருக்கும். ஆனால் வட்ட முத்திரையின் நடுவில், எழுத்தே இல்லாத வெற்றிடத்தில், மங்கலாக ஒரு மைத்தடம் இருக்கும். எழுத்தின் உயரம் குறைவாகவும் வெற்றிடம் அகலமாகவும் இருந்து, அமுக்குகிறவர் கொஞ்சம் பலமாக அமுக்கினால், வெற்றிடத்து ரப்பர் தொய்ந்து தாளைத் தொட்டுவிடும். வங்கிக்குச் செய்து கொடுத்த முத்திரை ஒன்று இதற்காகவே மூன்று முறை திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் எடை வேறு வைக்கிறீர்கள். உங்கள் சதுரத்தின் நடுவிலும் ரப்பர் தொட்டிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று. மை காயாமல் அச்சிட்டால் எழுத்தின் ஓரம் விரியும். அதிகமாகக் காய்ந்துவிட்டால் மை ரப்பரை விட்டு இறங்காது. சித்திரை வெயிலில் ஒரு கணக்கு, ஐப்பசி மழையில் ஒரு கணக்கு. உங்கள் ஊரில் எப்படியோ.

பதிவு 4 – தூயஅறை

அண்ணா சொல்வது முற்றிலும் சரி, அதற்குக் கணக்கும் இருக்கிறது. நான் நுண்ணச்சு வேலை செய்யும் மாணவன். பி.டி.எம்.எஸ். மென்மையான ரப்பர் என்பதால், இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் மேட்டின் உயரத்தைப் போல ஏறத்தாழ 20 மடங்கைத் தாண்டினால் கூரை தொய்ந்து கீழே படும் என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். அக்காவின் மேட்டு உயரம் 8 மைக்ரான். இருபது மடங்கு 160. சதுரத்துக்குள் வெற்றிடம் ஏறத்தாழ 196 மைக்ரான். எடை வைக்காவிட்டாலே சந்தேகத்துக்கிடமான நிலை; எடை வைத்தால் தொடாமல் இருக்க வாய்ப்பில்லை.

அப்படித் தொட்ட இடத்தில் பாலிலைசின் கோட்டில் உள்ள அளவுக்குப் படியாது. மெல்லிய மூட்டமாகத்தான் படியும். ஆனால் சிக்கலே அதில்தான் இருக்கிறது. அக்கா பின்னால் ஊறவைக்கும் பாலிமர், எதிர்மின்னேற்றம் உள்ள வெறும் கண்ணாடியில் ஒட்டுவதற்காகத் தன் முதுகெலும்பில் நேர்மின்னேற்றத்தை வைத்திருக்கிறது. ஏற்கெனவே நேர்மின்னேற்றமுள்ள பாலிலைசின் மூட்டம் அமர்ந்திருந்தால் அதற்கு உட்கார இடம் கிடைக்காது. ஆகவே அந்தத் திட்டுகள் முழுதாக ஒட்டும் இடமும் அல்ல, முழுதாக ஒட்டாத இடமும் அல்ல. முதல் நாட்களில், பக்கத்திலேயே இதைவிட நல்ல கோடு இருப்பதால், வளர்கூம்புகள் இதைச் சீண்டுவதில்லை. கோடுகளில் இடம் நிரம்பிய பிறகு இரண்டாம் தரமான இடத்துக்கும் ஆள் வருகிறது.

பாலி-டி-லைசின் என்பதால் இன்னொரு கேடும் உண்டு. லைசினுக்கு எல், டி என்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்கள் உண்டு. எல் வடிவத்தைச் செல்கள் விடும் நொதிகள் மெதுவாகத் தின்றுவிடும். டி வடிவத்தைத் தின்ன முடியாது. கோடு நீடிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் டி வடிவத்தை வாங்குகிறோம்; தவறிப் பட்ட மூட்டமும் அதே காரணத்தால் நீடிக்கிறது.

பதிவு 5 – கன்னங்குறிச்சி

இரவு இரண்டு மணி வரை பழைய கோப்புகளைத் தோண்டினேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தகட்டை, ஒளிரும் சாயம் இணைத்த பாலிலைசினால் அச்சிட்டு, செல் விடாமல், சோதனைக்காகப் படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். எல்லாப் படங்களிலும் கோடு பச்சையாகவும் நடு இடம் கன்னங்கரேலென்றும் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு மென்பொருள் தானாகச் செய்த ஒளித் திருத்தத்தால் வந்தது. மூல எண்களைத் திறந்து, வெறும் கண்ணாடியின் அளவைக் கழித்து, சதுரத்தின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை ஒரு கோட்டில் ஒளியின் அளவை வரைந்தேன். கோட்டை ஒட்டிச் சில மைக்ரான் தூரம் பூச்சியம், பிறகு மெல்ல எழும்பி, நடுவில் தட்டையான ஒரு மேடு, மறுபடியும் பூச்சியம். ரப்பர் கூரை தொய்ந்து வயிறு தரையைத் தொட்ட அடையாளம் அப்படியே பதிந்திருக்கிறது. எடை வைக்காமல் அச்சிட்ட இரண்டு தகடுகளில் அந்த மேடு பாதி அளவுக்குத்தான் இருக்கிறது.

செவ்வாய்பேட்டை அண்ணா, மூன்று ஆண்டுகள் நுண்ணோக்கியில் பார்த்தும் எனக்குப் பிடிபடாததை நீங்கள் வங்கி முத்திரையில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டீர்கள். அலையும் மெல்லிய இழைகளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. உருண்டைகளும் வடங்களும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

பதிவு 6 – ஐந்து ரோடு மருத்துவர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் நரம்பியல் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது பைக்கிலிருந்து விழுந்து கையின் நரம்பு அறுந்து வருகிறார். வெட்டுண்ட புற நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையில் அறுந்தால் விரல் அசைய எத்தனை மாதம் ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அறுந்த முனைகளுக்கு இடையில் சில சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், கொலாஜன் குழாயைப் பொருத்தி வழிகாட்டுவது வழக்கத்தில் உள்ளது. அது எனக்குப் புரிகிறது. கண்ணாடியில் சதுரக் கட்டம் போட்டு எலியின் மூளைச் செல்லை வளர்ப்பதால் அந்தப் பையனுக்கு என்ன கிடைக்கும்? மூளையில் சதுரக் கட்டம் எங்கே இருக்கிறது?

பதிவு 7 – கன்னங்குறிச்சி

டாக்டர், நேரடியாக அந்தப் பையனுக்கு ஒன்றும் கிடைக்காது. அப்படிக் கிடைக்கும் என்று எழுதி நிதி கேட்பவர்களை எனக்கும் பிடிக்காது.

மூளையில் சதுரக் கட்டம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் கட்டுப்பாடே இல்லாமல் தட்டில் வளரவிட்டால் கிடைப்பதும் மூளை அல்ல. ஆயிரக்கணக்கான செல்கள் கண்டபடி இணைந்து, சில வாரங்களில் தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் துடித்து அடங்குவதும் மீண்டும் துடிப்பதுமாக இருக்கும். எந்தச் செல் எதைத் தூண்டியது என்று பிரிக்க வழியில்லை. எனக்கு வேண்டியது, எந்த மின்முனையின் மேல் எந்தச் செல் இருக்கிறது, அது யாருடன் இணைந்திருக்கிறது என்பது வரைபடத்திலேயே தெரிகிற ஒரு சிறு வலை. மருந்தைச் சேர்த்ததும் ஓர் இணைப்பு தளர்ந்தால் அது எந்த இணைப்பு என்று சொல்ல முடிய வேண்டும்.

இதில் எட்டப்பட்டவையும் உண்டு. ஸ்டெங்கரும் சக ஆய்வாளர்களும் 1998-ல், ஒரு பக்கம் தொடர்கோடும் மற்றப் பக்கங்களில் விட்டு விட்டு வரும் கோடுகளும் போட்டு, எந்த நீட்சி ஆக்ஸானாக, அதாவது செய்தியை வெளியே அனுப்பும் நீண்ட இழையாக, வேண்டும் என்பதையே பரப்பின் மூலம் சாய்க்க முடியும் என்று காட்டினார்கள். ஹிப்போகேம்பஸ் செல்லில் ஒன்றரை நாள் அளவில்தான் நீட்சிகளில் ஒன்று முந்திக்கொண்டு ஆக்ஸானாகிறது. செய்தியைப் பெறும் கிளைகளான டென்ட்ரைட்டுகள் நான்காம் நாளை ஒட்டித்தான் நீள்கின்றன. அந்த ஒன்றரை நாளுக்குள் எந்த நீட்சிக்குத் தடையில்லாத பாதை கிடைக்கிறதோ அது ஆக்ஸானாவதற்கு வாய்ப்பு அதிகம். ஃபெய்னர்மன், ரோட்டெம், மோசஸ் ஆகியோர் 2008-ல் இத்தகைய வடிவங்களில் வளர்த்த செல்களைக் கொண்டு, இரண்டு பக்கமும் துடித்தால் மட்டுமே மூன்றாவது பக்கம் துடிக்கும் தருக்கக் கதவைச் செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, தனித்தனியே நம்பகமில்லாத செல்கள் கூட்டமாகச் சேர்ந்து நம்பகமான ஒரு விடையைத் தருகின்றன என்பது.

பதிவு 8 – சேர்வராயன்

உருண்டைகளுக்கும் வடங்களுக்கும் வருகிறேன். இது ஒட்டும் தன்மையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. இழுவிசையைப் பற்றிய கேள்வி என்பது என் எண்ணம்.

வளர்கூம்பு முன்னேறும்போது பின்னாலுள்ள இழையை இழுத்துக்கொண்டே போகிறது. டென்னிஸ் பிரே 1984-ல் நுண்ணிய கண்ணாடி ஊசியால் நரம்பணுவின் இழையைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது, இழுத்த போக்கில் இழை நீண்டு வளர்ந்தது. அதாவது இந்த இழைகள் தளர்ந்து கிடக்கும் நூல்கள் அல்ல. எப்போதும் விறைப்பாக இருக்கும் கயிறுகள். கோட்டின் 4 மைக்ரான் அகலத்தில் ஒற்றை இழை இருக்கும் வரை, அதன் அடிப்பரப்பு முழுவதும் தரையைப் பிடித்திருக்கிறது. பதினான்கு நாளில் அதே கோட்டில் இருபது இழைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படர்ந்துவிடுகின்றன. கீழே இருப்பவை மட்டுமே தரையைப் பிடிக்கின்றன. மேலே இருப்பவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இழுவிசை இருபது மடங்கு, பிடிப்பு அதே அளவு. அப்போது கயிறு தரையை விட்டுக் கிளம்பும். அதன் இரு முனைகளிலும் உள்ள செல்களையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உருண்டை அப்படித்தான் உருவாகிறது.

அப்படிக் கிளம்பிய கயிறு செங்குத்தான திருப்பத்தில் நிற்காது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பேருந்துதான் எல்லா வளைவுகளையும் சுற்றி வருகிறது. எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஒரு வளைவுக்கும் மேல் வளைவுக்கும் இடையே சரிவில் நேராக ஏறும் ஒற்றையடிப் பாதையில்தான் வருவார்கள். உங்கள் சதுரத்தின் ஒவ்வொரு மூலையும் இழைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு. விறைத்த கயிறு மூலையை விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் போகிறது. மூலைவிட்டமாகத் தெரியும் வடங்கள் அவைதான் என்று நினைக்கிறேன். அவை தரையைத் தொட்டிருக்கின்றனவா, அந்தரத்தில் தொங்குகின்றனவா என்று குவியத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பதிவு 9 – தூயஅறை

அப்படியானால் ஒட்டும் கோட்டையே கைவிட்டு, சுவர் கட்டிவிடுவது மேல் என்பேன். டெய்லர், ஜியோன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட முறையில், இரண்டு அறைகளுக்கு இடையே பி.டி.எம்.எஸ்.ஸால் நுண் வாய்க்கால்கள் இருக்கும்: அகலம் 10 மைக்ரான், உயரம் 3 மைக்ரான், நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். செல்லின் உடல் அந்த உயரத்தில் நுழையாது. டென்ட்ரைட்டுகள் மறுமுனை வரை எட்டாது. ஆக்ஸான் மட்டும் கடந்து போகும். பெய்ரின் குழுவினர் 2011-ல் அதே வாய்க்காலை ஒரு முனையில் 15 மைக்ரானும் மறுமுனையில் 3 மைக்ரானுமாகப் புனல் போலச் செய்து, இழைகள் பெரும்பாலும் அகன்ற பக்கத்திலிருந்து மட்டுமே கடக்கும்படி ஒருவழிப் பாதையாக்கினார்கள். சுவர் இருந்தால் கயிறு எவ்வளவு இழுத்தாலும் குறுக்கே வெட்ட முடியாது.

பதிவு 10 – கன்னங்குறிச்சி

தம்பி, வாய்க்காலை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டு கூட்டங்களுக்கு இடையே பாதை போடுவதற்கு அதைப் போல வேறொன்று இல்லை. ஆனால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒவ்வோர் அறை கட்ட முயன்றால், அறைக்குள் வளர்ப்புத் திரவமான மீடியத்தின் அளவு மிகக் குறைவாகி, ஆவியாதலால் உப்பின் அடர்த்தி ஏறி, ஓரத்து அறைகளில் செல்கள் முதலில் செத்துவிடுகின்றன. குறைந்த அடர்த்தியில் நரம்பணுக்கள் உயிரோடு இருக்கவே துணை வேண்டும். கேரி பேங்கரின் முறையில், மூடுகண்ணாடியின் ஓரங்களில் உருக்கிய பாரஃபின் மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் கால்கள் போல இறுகவிட்டு, நரம்பணுக்கள் ஒட்டிய பிறகு அதைக் கவிழ்த்து, கிளியா என்னும் துணைச் செல்கள் பரவிய தட்டின் மேல் நிற்கவைப்பார்கள். கீழே உள்ள கிளியா, தொடாமலேயே மேலே உள்ள நரம்பணுக்களைக் காப்பாற்றும். நானும் அப்படித்தான் செய்கிறேன். திறந்த பரப்பில்தான் அது நடக்கும்; சுவர் வைத்த அறையில் நடக்காது.

சேர்வராயன் ஐயா, குவியத்தை மாற்றி எடுத்த பழைய படங்கள் நான்கு கிடைத்தன. மூலைவிட்ட வடங்கள் மூன்றில் தரைக்கு மேலேதான் இருக்கின்றன.

பதிவு 11 – செவ்வாய்பேட்டைக்காரர்

மேட்டின் உயரத்தை ஏற்றிவிட்டால் தொய்வு போய்விடுமே, ஏன் ஏற்றவில்லை?

பதிவு 12 – தூயஅறை

அண்ணா, கோட்டின் அகலம் 4 மைக்ரான்தான். உயரத்தை 20 மைக்ரான் ஆக்கினால் அகலத்தைப் போல ஐந்து மடங்கு உயரமுள்ள மெல்லிய ரப்பர்ச் சுவராகிவிடும். அமுக்கியதும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். தாழ்வாக இருந்தால் கூரை தொய்கிறது, உயர்ந்தால் சுவர் சாய்கிறது.

பதிவு 13 – செவ்வாய்பேட்டைக்காரர்

அப்படியானால் அடியில் அகலமான மேடையைக் கட்டி, அதன் உச்சியில் மட்டும் மெல்லிய கோட்டை வையுங்கள். மரப்பிடியில் ரப்பரை ஒட்டுவதற்கு முன்னால், எழுத்து வரும் இடத்துக்குக் கீழே கெட்டி ரப்பர் பட்டை ஒன்றை வைத்து உயர்த்தும் பழக்கம் எங்களுக்கு உண்டு. பல வண்ண அச்சில் ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்றைப் பொருத்துவது போல இரண்டு முறை வெளிச்சம் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் மேடை அகலமாக இருந்தால் பொருத்தம் கொஞ்சம் விலகினாலும் மோசமில்லை.

பதிவு 14 – கன்னங்குறிச்சி

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய், அண்ணா சொன்னபடியே ஸ்டாம்பை வார்க்கும் மூல அச்சான மாஸ்டரை இரண்டு அடுக்கில் புதிதாகச் செய்தோம். முதல் அடுக்கில் 4 மைக்ரான் அகலமும் 8 மைக்ரான் ஆழமும் உள்ள கோட்டுப் பள்ளம். அதன் மேல் 30 மைக்ரான் கனமுள்ள இரண்டாம் அடுக்கில் 40 மைக்ரான் அகலமுள்ள பள்ளம். ஸ்டாம்பாக உரித்தெடுத்தால் மேடையும் அதன் மேல் கோடுமாக மொத்தம் 38 மைக்ரான் உயரம் வருகிறது; மேடைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் 160 மைக்ரான். இருபது மடங்கு எங்கே, நாலரை மடங்குக்கும் குறைவான இது எங்கே. எடையையும் விட்டுவிட்டேன், ஸ்டாம்பின் சொந்தக் கனமே போதும். ரப்பரில் கெட்டிப்படாமல் மிஞ்சும் சிறு மூலக்கூறுகள் அச்சோடு இறங்கி வராமல் இருக்க, ஸ்டாம்பைக் கரைப்பானில் ஊறவைத்து உலர்த்திய பிறகுதான் பயன்படுத்தினேன்.

வடிவத்தையும் மாற்றினேன். சதுரக் கட்டத்தைக் கைவிட்டு, மின்முனைகளின் ஒவ்வொரு வரிசையையும் ஒரே நேர்கோடாக விட்டு, வரிசையின் கடைசியில் மட்டும் 100 மைக்ரான் ஆரமுள்ள அரைவட்டத்தால் அடுத்த வரிசையோடு இணைத்தேன். ஐயா சொன்ன மூலைகள் எதுவும் இப்போது இல்லை.

ஒளிரும் பாலிலைசின் சோதனையில், திருத்தம் செய்யாத எண்களில், வெற்றிடத்தின் நடுப்பகுதி வெறும் கண்ணாடியிலிருந்து வேறுபடவில்லை. பதினான்காம் நாள், வெற்றிடத்தில் அலையும் இழைகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. நேர்கோடுகளில் வடங்கள் தரையிலேயே இருக்கின்றன. அரைவட்டங்களில் மட்டும், இழைகள் உள் ஓரத்தை அணைத்துக்கொண்டே போய், சில இடங்களில் தரையை விட்டு உள்பக்கமாக விலகியிருக்கின்றன. உருண்டைகள் குறைந்திருக்கின்றன, ஒழியவில்லை. இருபத்தொன்றாம் நாளை நெருங்கும்போது, நரம்பணுக்களோடு தவறி வந்த கிளியா செல்கள் பிரிந்து பெருகி, பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சின் மீதே மெல்லப் படரத் தொடங்குகின்றன. செல்பிரிவைத் தடுக்கும் மருந்தை நான்காம் நாளில் குறைந்த அளவில் சேர்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பதிவு 15 – ஐந்து ரோடு மருத்துவர்

அந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

பதிவு 16 – கன்னங்குறிச்சி

டாக்டர், பாலிஎத்திலீன் கிளைக்காலைக் கண்ணாடியோடு வேதிப் பிணைப்பால் கட்டி, பாலிலைசினை அச்சிட்டு, பிராஞ்ச், வீலர், புரூவர், லெக்பேண்ட் ஆகியோர் 2000-ல் ஏறத்தாழ ஒரு மாதம் வரை வடிவத்தைக் காப்பாற்றினார்கள். என்னுடையது மின்னேற்றத்தால் மட்டும் ஒட்டியிருப்பது. ஆகவே அவ்வளவு நாள் எதிர்பார்க்க மாட்டேன். நரம்பணுக்கள் முதிர்ந்து ஒழுங்காகத் துடிக்கத் தொடங்குவதே மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் என்பதால், வேலைக்குரிய நாட்கள் வரும்போதுதான் பூச்சும் சோர்ந்து போகிறது. அடுத்த தொகுதியில் பிணைப்பு முறைக்கே மாறுகிறேன்.

பதிவு 17 – சேர்வராயன்

அரைவட்டங்களின் உள் ஓரத்தில் இழைகள் விலகுவதைப் பற்றி ஒரு கேள்வி. ஆரத்தை 100-லிருந்து 300 ஆக்கி, அடுத்த வரிசைக்குப் பதிலாக அதற்கும் அப்பாலுள்ள நான்காவது வரிசையோடு இணைத்துப் பார்த்தால் என்ன? வளைவு தணியுமே. மின்முனை வரிசைகள் எட்டு என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு இடம் போதும்.

பதிவு 18 – கன்னங்குறிச்சி

ஐயா, 200 மைக்ரான் இடைவெளியில் முதல் வரிசைக்கும் நான்காவது வரிசைக்கும் இடையே 600 மைக்ரான் வருகிறது. ஆரம் சரியாக 300 ஆகும். நடுவிலுள்ள இரண்டு வரிசைகளை இன்னொரு சிறிய அரைவட்டம் உள்ளடங்கி இணைக்க வேண்டியிருக்கும். அதன் ஆரம் மீண்டும் 100. ஒரே தகட்டில் இரண்டு ஆரங்களும் அருகருகே இருப்பதால் ஒப்பீடும் கிடைத்துவிடும். வெளிச்சம் எங்கே பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முகமூடியின் வரைபடத்தை இன்று அனுப்பிவிட்டேன்.

ஆய்வேட்டில் பழைய நான்காம் நாள் படத்தை நீக்கவில்லை. அதன் பக்கத்திலேயே பதினான்காம் நாள் படத்தையும், ஒளித் திருத்தம் செய்யாத பாலிலைசின் படத்தையும் ஒரே அளவுகோலில் வைத்திருக்கிறேன். செவ்வாய்பேட்டை அண்ணா, சேலத்துக்கு அடுத்த மாதம் வரும்போது தொய்ந்த ஸ்டாம்ப் ஒன்றைக் கொண்டு வருகிறேன். உங்கள் பூதக்கண்ணாடியில் கோடுகள் தெளிவாகத் தெரியாமல் போகலாம், ஆனால் விளக்கின் எதிரே சாய்த்துப் பிடித்தால் கட்டம் இருக்கும் இடம் தனியாகத் தெரியும்.

பதிவு 19 – செவ்வாய்பேட்டைக்காரர்

கொண்டு வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் கடையில் கூட்டம் இருக்காது.